மாசி வீதிக் கடைகளுக்கு எந்த வகை போடுவது? ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஷாப்=யெஸ் சரிசெய்வது பற்றி

வைகைக்கரை:

வணக்கம் நண்பர்களே. மதுரையில் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள ஆவணி மூல வீதிகள், மாசி வீதிகள், அவற்றுக்கு நடுவே ஓடும் சந்துகள் எல்லாவற்றிலும் இருக்கும் கடைகளை, யாரும் திருத்தக்கூடிய திறந்த வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒழுங்குபடுத்தலாம் என்று நாங்கள் சில பேர் சேர்ந்து இறங்கியிருக்கிறோம். எங்களுக்கு முன்னால் யார் யாரோ உழைத்து நிறையக் கடைகளைப் புள்ளியாக வைத்துப் பெயரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் வகை என்று வரும்போது ஏகப்பட்ட கடைகளுக்கு ஷாப்=யெஸ் மட்டும்தான் இருக்கிறது (ஷாப் என்பது குறி, யெஸ் அதன் மதிப்பு). இங்கே ஏதோ ஒரு கடை இருக்கிறது என்பது தெரியும், என்ன கடை என்பது தெரியாது. இந்தத் தரவில் ஓடும் ஆர்கானிக் மேப்ஸ், ஓஎஸ்எம்ஆண்ட் செயலிகளில் வகையைச் சொல்லி மருந்துக்கடை தேடினால், யெஸ் என்று கிடக்கும் மெடிக்கல் வாசலில் நின்றுகொண்டு தேடினாலும் அது பட்டியலில் வராது. சித்திரைத் தேரோட்டத்துக்கு மாசி வீதியில் எவ்வளவு வெளியூர்க் கூட்டம் வரும் என்று உங்களுக்கே தெரியும். அப்போது இந்த வரைபடம் நாலு பேருக்குப் பயன்பட வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை.

எங்களுக்குள்ளேயே முடிவுக்கு வராத சில விஷயங்கள் இருக்கின்றன. கீழமாசி வீதியில் மளிகை, பருப்பு, எண்ணெய் விற்கும் கடைகள் மொத்தமாகவும் கொடுக்கிறார்கள், கால் கிலோவும் நிறுத்துத் தருகிறார்கள், இதற்கு என்ன போடுவது? பேன்சி ஸ்டோர் என்றால் வளையல், ரிப்பன், பொட்டு, பவுடர், பிளாஸ்டிக் பூ, விளையாட்டுச் சாமான் எல்லாம் கலந்து இருக்கிறது, அதற்குப் பொருத்தமான ஒரு வகை கிடைக்கவில்லை. டீக்கடைக்கு ஒருவர் கஃபே என்கிறார், இன்னொருவர் ஃபாஸ்ட் ஃபுட் என்கிறார், ஏற்கெனவே இருப்பதில் சிலவற்றுக்கு ஷாப்=டீ என்று இருக்கிறது. ரேஷன் கடைக்கும் தெளிவில்லை.

அப்புறம் முக்கியமான கேள்வி. பெயரிலேயே மெடிக்கல்ஸ், ஜுவல்லரி, டெக்ஸ்டைல்ஸ் என்று இருப்பவற்றையெல்லாம் ஜோஸ்ம் என்ற கணினித் திருத்தியில் தேடி எடுத்து ஒரே அடியாக வகை மாற்றிவிடலாமா? எங்கள் குழுவில் ஒருவர் ஒரே மாலையில் முடித்துவிடலாம் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் ஏன் கூடாது என்று சொல்லவும் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நடைமேப்பர்:

முதலில், இந்த வேலையைக் கையில் எடுத்ததற்கு நன்றி. கோயிலைச் சுற்றி இருப்பது போன்ற நெருக்கமான கடைவீதியை வகைப்படுத்துவது, புதிதாக ஒரு ஊரை வரைவதை விடக் கஷ்டம். சாலையையும் கட்டிடத்தையும் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைந்துவிடலாம். கடைக்குள் என்ன விற்கிறார்கள் என்பது மேலிருந்து தெரியாது.

நான் பின்பற்றும் வழியைச் சொல்கிறேன். கடைக்காரர் போர்டில் என்ன எழுதியிருக்கிறார் என்பதை விட, ஜனங்கள் எதை வாங்க அந்தப் படியேறுகிறார்கள் என்று பாருங்கள். மாசி வீதி மளிகைக் கடைக்கு ஒருவர் துவரம்பருப்பும் நல்லெண்ணெயும் வாங்கத்தான் போகிறார், அவர் ஒரு கிலோ வாங்கினாலும் ஒரு மூட்டை வாங்கினாலும் சாமான் அதேதான். ஆகவே சில்லறையும் கொடுக்கும் கடை என்றால் கன்வீனியன்ஸ் போடுங்கள், மொத்தமாகவும் தருவார்கள் என்பதை விவரக் குறிப்பில் எழுதுங்கள். உலகம் முழுக்க ஷாப் என்ற குறியில் அதிகம் புழங்கும் மதிப்பு கன்வீனியன்ஸ்தான், எல்லாச் செயலிகளும் அதைப் புரிந்துகொள்ளும். மசாலாச் சாமான் மட்டும் விற்பவர் என்றால் ஸ்பைசஸ் என்று தனியாக இருக்கிறது. ஹோல்சேல் என்ற மதிப்பும் உண்டுதான், ஆனால் சில்லறையே கிடையாது, வியாபாரிகளுக்கு மட்டும் மூட்டைக் கணக்கில் கொடுப்போம் என்கிற இடத்துக்கு அதை ஒதுக்கி வையுங்கள். இல்லாவிட்டால் வீட்டுக்குச் சாமான் வாங்க வருபவரின் தேடலில் அந்த வீதியே காணாமல் போய்விடும்.

பேன்சி ஸ்டோருக்கு ஒரே விடை கிடையாது, உள்ளே போய்ப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். வளையல், தோடு, கிளிப், கவரிங் என்பதே முக்கால்வாசி என்றால் ஃபேஷன் ஆக்சஸரீஸ். பொட்டு, பவுடர், கிரீம் வகையறாதான் அதிகம் என்றால் காஸ்மெட்டிக்ஸ். பிளாஸ்டிக் வாளியில் ஆரம்பித்து பொம்மை வரைக்கும் எல்லாம் மலிவு விலையில் கொட்டிக் கிடந்தால் வெரைட்டி ஸ்டோர். எந்தப் பக்கமும் சேராத கடை வந்தால் ஷாப்=யெஸ் என்றே விட்டுவிட்டு விவரத்தில் தமிழிலேயே எழுதுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. யெஸ் என்று இருந்தால் அடுத்து வருபவருக்கு இங்கே வேலை பாக்கி என்று தெரியும். தப்பான வகை போட்டுவிட்டால் வேலை முடிந்தது போலத் தெரியும், பிறகு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எனக்கு யெஸ்ஸை விடத் தப்பான வகைதான் பெரிய பயம்.

இன்னொன்று மெடிக்கல். நம் ஊர் மருந்துக்கடை போர்டில் கெமிஸ்ட் என்றும் எழுதியிருப்பதால் பலர் ஷாப்=கெமிஸ்ட் என்று போட்டுவிடுகிறார்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் அந்த வகை சோப்பு, ஷாம்பு, துப்புரவுச் சாமான் விற்கும் கடைக்கானது, ஐரோப்பாவில் அப்படித் தனிக் கடைகள் நிறைய உண்டு, டாக்டர் சீட்டுக்கு மருந்து அங்கே கிடைக்காது. நம் மெடிக்கலுக்கு அமெனிட்டி=ஃபார்மசி என்றுதான் போட வேண்டும், அதோடு டிஸ்பென்சிங்=யெஸ் என்று சேர்த்தால் சீட்டுக்கு மருந்து தருவார்கள் என்பதும் தெளிவாகும். மற்ற எந்தக் கடையில் வகை தப்பினாலும் ஒருவர் கொஞ்சம் அலைவார், அவ்வளவுதான். ராத்திரி பதினொரு மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து தேடுபவர் விஷயம் அப்படியில்லை. ஆகவே உங்கள் பகுதியில் கெமிஸ்ட் என்று இருப்பவற்றை யெஸ்ஸுக்கும் முன்னால் எடுத்துப் பாருங்கள் என்பேன். திறந்திருக்கும் நேரமும் கேட்டு எழுதினால் இன்னும் உதவி.

நாட்டு மருந்துக் கடையை இதில் சேர்க்காதீர்கள், அதற்கு ஹெர்பலிஸ்ட் பொருந்தும்.

புள்ளிக்கோலம்:

ஒரே அடியாக மாற்றுவது பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் நான் அதிகம் புழங்குவது ஓவர்பாஸ் என்ற தேடல் கருவியிலும் ஜோஸ்மிலும்தான். தேடி எடுப்பது நல்ல யோசனை, தேடி எடுத்ததைப் பார்க்காமல் மாற்றுவதுதான் கூடாது. இப்படிப் பெயரையோ மதிப்பையோ வைத்து மொத்தமாக மாற்றுவதைத் தானியங்கித் திருத்தம் என்று எடுத்துக்கொள்வார்கள், அதற்கென்று விதிமுறை இருக்கிறது. முன்கூட்டியே சமூகத்தில் சொல்லி, என்ன செய்யப்போகிறோம் என்று ஓபன்ஸ்ட்ரீட்மேப் விக்கியில் எழுதி வைத்து, எதிர்ப்பு வந்தால் பதில் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். சொல்லாமல் செய்தால் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவுப் பணிக்குழு அவ்வளவையும் பழையபடி திருப்பிவிடலாம், உங்கள் உழைப்பும் வீணாகும்.

விதியை விடுங்கள், நம் ஊர்க் கடைப் பெயர்களே இதற்கு ஒத்துவராது. ஜுவல்லரி என்று போர்டு வைத்துக்கொண்டு உள்ளே முழுக்க அடகு வியாபாரம் செய்பவர் இருக்கிறார், அது பான்புரோக்கர். டெக்ஸ்டைல்ஸ் என்று இருக்கும் கடையில் தைத்த துணி விற்றால் க்ளோத்ஸ், வெட்டுத்துணி, பிளவுஸ் பிட், லைனிங் மட்டும் என்றால் ஃபேப்ரிக். ஏஜென்சீஸ், டிரேடர்ஸ், எண்டர்பிரைசஸ் என்று முடியும் பெயர்களைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது, சைக்கிள் டியூபும் இருக்கலாம் சமையல் எண்ணெயும் இருக்கலாம். மெடிக்கல்ஸ் என்று பெயர் வைத்து சக்கர நாற்காலி, கட்டில், பெல்ட் விற்பவருக்கு மெடிக்கல் சப்ளை என்று வேறு வகை.

நீங்கள் செய்யக்கூடியது இது. ஓவர்பாஸ் டர்போவில் உங்கள் பகுதியை மட்டும் சட்டத்துக்குள் வைத்து ஷாப்=யெஸ் உள்ளவற்றைத் தேடுங்கள். புள்ளிகளை மட்டும் தேடினால் போதாது, சில கடைகள் கட்டிடமாகவே வரையப்பட்டிருக்கும், அவையும் வரும்படி கேளுங்கள். அந்தப் பட்டியலை வீதிவாரியாகப் பிரித்து ஆளுக்கொரு வீதி எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு போன் என்றால் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலி போதும், ஷாப்=யெஸ் இருக்கும் இடத்தில் இது என்ன கடை என்று அதுவே கேட்கும். எவ்ரி டோர் என்ற செயலி ஐபோனிலும் ஓடும், இந்த மாதிரி கடைவீதிக்கென்றே செய்தது போல இருக்கும். சுற்றிலும் உள்ள கடைகளைப் பட்டியலாகக் காட்டும், கடை அப்படியே இருந்தால் ஒரு தட்டுத் தட்டினால் இன்ன தேதியில் நேரில் பார்த்தது என்று பதிவாகிவிடும். அந்தத் தேதி ரொம்ப முக்கியம். பத்து வருடம் முன்னால் போட்ட வகையா, போன மாதம் பார்த்ததா என்று தெரியாமல் வரைபடத்தை நம்ப முடியாது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்தே கூகுள் மேப்ஸைத் திறந்து அங்கே என்ன வகை என்று பார்த்து எழுதும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது, அது வேண்டவே வேண்டாம். அவர்களுடைய தரவின் உரிமம் அதற்கு இடம் தரவில்லை. நம் தரவு 2012 முதல் ஓடிபிஎல் என்ற திறந்த உரிமத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று நாம் வாக்குக் கொடுத்திருக்கும்போது அடுத்தவர் சரக்கு அதில் கலந்திருக்கக் கூடாது. தெருப்படம் தேவை என்றால் மேப்பில்லரியில் பாருங்கள், ஓபன்ஸ்ட்ரீட்மேப் வேலைக்கு அதைப் பயன்படுத்த அனுமதி இருக்கிறது. உங்கள் குழு நடந்து போகும்போது போனில் படம் எடுத்து அதில் ஏற்றிவிட்டால், வெளியூரில் இருப்பவர்களும் உதவ முடியும்.

கண்ணாடிகிளாஸ்:

டீக்கடை விஷயத்தை யாரும் தொடவில்லை, எனக்கு அதில்தான் அக்கறை. ஷாப்=டீ என்பது தேயிலைத் தூள் விற்கும் கடைக்கு. நீலகிரித் தேயிலை பாக்கெட் விற்கிற இடத்துக்குச் சரி, பாய்லர் வைத்து டீ ஆற்றிக் கொடுக்கும் கடைக்கு அது அறவே தப்பு, ஆகவே அதைக் கண்டால் யோசிக்காமல் நேரில் பார்த்து மாற்றுங்கள்.

மற்றபடி நான் அமெனிட்டி=கஃபே பக்கம். டீ, காபி, பால், கூட வடை பஜ்ஜி, ஒரு பெஞ்சு, ஒரு நாளிதழ், உட்கார்ந்து நாலு பேச்சு. கஃபே என்ற வகையின் வேலையை நம் டீக்கடை முழுசாகச் செய்கிறது. கண்ணாடிக் கதவும் ஏசியும் இருந்தால்தான் கஃபே என்று விதி எங்கும் இல்லை. கூடவே டிரிங்க்:டீ=யெஸ் என்று சேர்த்துவிட்டால் எங்கே டீ கிடைக்கும் என்று தேடி எடுக்க வசதி.

நடைமேப்பர்:

கண்ணாடிகிளாஸ், இதில் எனக்கு உடன்பாடு இல்லை. மாசி வீதிகளில் உள்ள பல டீக்கடைகளில் பெஞ்சே கிடையாது, கவுண்டர் முன்னால் நின்று குடித்துவிட்டுக் கிளாஸை வைத்துவிட்டுப் போக வேண்டியதுதான். கஃபே என்று பார்த்து ஒரு வயதானவர் உட்காரலாம் என்று நினைத்து வந்தால் ஏமாந்துபோவார். அதனால் நான் நின்று குடிக்கும் கடைக்கு ஃபாஸ்ட் ஃபுட் போடுகிறேன்.

கண்ணாடிகிளாஸ்:

உட்கார இடம் இருக்கிறதா என்பதற்குத் தனிக் குறிகள் இருக்கின்றனவே. இண்டோர் சீட்டிங்=நோ, அவுட்டோர் சீட்டிங்=நோ என்று எழுதினால் அந்தப் பெரியவருக்கு வேண்டிய தகவல் கிடைத்துவிடும். ஃபாஸ்ட் ஃபுட் என்று போட்டால் பரோட்டாவோ சிக்கன் ரைஸோ தேடி வருபவர் வந்து நிற்பார், அங்கே இருப்பது டீயும் பிஸ்கட்டும். யாரை ஏமாற்றுகிறோம் என்று பார்த்தால் அதில்தான் அதிகம் பேர் ஏமாறுவார்கள். இருக்கைக்காக வகையை மாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நடைமேப்பர்:

இருக்கையைத் தனியாக எழுதினால் சரிதான் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுதுவார்களா என்பதுதான் என் கவலை. ஒரு வீதியில் முதல் கடைக்கு எழுதுவார்கள், பத்தாவது கடையில் கை ஓய்ந்துவிடும். வைகைக்கரை, உங்கள் குழு இருக்கையைத் தவறாமல் குறிக்கும் என்றால் கஃபே என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வீதியில் இரண்டு விதமாகப் போடாமல் இருந்தாலே பெரிய விஷயம்.

பனைவெளி (யாழ்ப்பாணம்):

வாசித்துக்கொண்டு வந்தேன், எங்களுக்கும் இதே சிக்கல்கள்தான், கடைகள்தான் வேறை. யாழ்ப்பாணத்தில் கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, பார்த்தவுடன் ஜுவல்ரி. எங்களை வருத்துகிறது கொம்யூனிக்கேஷன் என்று போர்ட் போட்ட கடைகள். முந்தி அங்கே வெளிநாட்டுக்குக் கோல் எடுக்கப் போவோம். இப்போது அதே கடையில் போட்டோ கொப்பி அடிக்கலாம், ரீலோட் போடலாம், கொப்பி பென்சில் வாங்கலாம், சில இடத்தில் போன் திருத்தியும் தருவார்கள். இதற்கு நாங்கள் செய்கிறது என்னவென்றால், உள்ளே நின்று கொஞ்ச நேரம் பார்ப்போம், வருகிற ஆட்கள் எதற்கு வருகிறார்கள் என்று. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது எண்டால் பெரும்பாலும் காப்பிஷாப் (நகலெடுக்கிற கடை, கோப்பிக் கடை இல்லை) அல்லது ஸ்டேஷனரி, பஸ் நிலையத்துக்குக் கிட்ட எண்டால் மொபைல் போன். கடைக்காரரிடம் கேட்டாலும் சந்தோசமாகச் சொல்லுவார்கள், உங்கடை கடையை மேப்பில் போடுறம் எண்டால் தேத்தண்ணியும் தருவார்கள்.

கூல்பார் எங்களுக்கு இன்னொரு வகை. ஐஸ்கிரீமுக்கே பேர் போன இடம் எண்டால் அமெனிட்டி=ஐஸ்கிரீம் போடுறம், சோடா, ரோல்ஸ், கேக் எல்லாம் சேர்ந்த இடம் எண்டால் கஃபே.

உங்கள் ரேஷன் கடை பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் எங்கடை பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கடைகளுக்கு நாங்கள் எடுத்த வழி உதவலாம். யார் நடத்துகிறார்கள் என்பதை ஆப்பரேட்டர் குறியில் எழுதுறம், என்ன விற்கிறார்கள் என்பதை வைத்து வகை போடுறம். ஒரே சங்கம் பலசரக்குக் கடையும் நடத்தும், எரிபொருள் நிலையமும் நடத்தும். சங்கத்தின் பேரைப் பார்த்து எல்லாவற்றுக்கும் ஒரே வகை போட்டால் பெற்றோல் அடிக்க வாறவன் அரிசிக் கடையில் வந்து நிற்பான்.

புள்ளிக்கோலம்:

பனைவெளி சொன்னது இங்கேயும் அப்படியே பொருந்தும். ஆவின் பாலகம் என்றால் ஆப்பரேட்டர் கூட்டுறவு இணையம், வகை டெய்ரி. சில பாலகங்களில் டீயும் ஐஸ்கிரீமும்தான் ஓடுகிறது, அங்கே வகை மாறலாம். டாஸ்மாக் என்றால் ஷாப்=ஆல்கஹால், ஒட்டியுள்ள பார் தனிப் புள்ளி.

ரேஷன் கடையில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. குடும்ப அட்டை இல்லாமல் அங்கே போனால் சாமான் கிடைக்காது. ஆகவே அரிசி, சர்க்கரை, பருப்பு விற்கிறார்கள் என்பதற்காகக் கன்வீனியன்ஸ் என்று போட்டுவிட்டால் வெளியூர்க்காரரை வீணாக அனுப்பிவைக்கிறோம். என் கருத்தில் பெயரிலும் ஆப்பரேட்டரிலும் நியாயவிலைக் கடை என்பதைத் தெளிவாக எழுதி, கடை எண்ணை ரெஃப் குறியில் போட்டு, வகையை இப்போதைக்கு யெஸ் என்றே வைத்துவிட்டு இந்திய மேப்பர்கள் குழுவில் கேளுங்கள். இது மதுரைக்கு மட்டுமான கேள்வி இல்லை, நாடு முழுக்க உள்ள நியாயவிலைக் கடைகளுக்கு ஒரே முறை வேண்டும், அதை நாம் ஐந்து பேர் இங்கே உட்கார்ந்து தீர்மானிப்பது நியாயமில்லை.

வைகைக்கரை:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு விளக்கமாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மொத்தமாக மாற்றும் யோசனையைக் கைவிட்டுவிட்டோம். அந்த நண்பரிடம் ஜுவல்லரி போர்டு அடகுக்கடையைச் சொன்னேன், தெற்கு ஆவணி மூல வீதியில் அவருக்கே தெரிந்த கடைகள் சில ஞாபகம் வந்து உடனே ஒப்புக்கொண்டார்.

இரண்டு சந்தேகம் பாக்கி. நகையும் விற்று அடகும் பிடிக்கும் கடைக்கு இரண்டு மதிப்பையும் அரைப்புள்ளி போட்டுச் சேர்த்து எழுதலாமா? அடுத்தது புது மண்டபம். 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டிய அந்த மண்டபத்துக்குள் டெய்லர், புத்தகம், வளையல், பாத்திரம் என்று வரிசையாகக் கடைகள் இருந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மண்டபத்தைப் பாதுகாப்பதற்காக அந்த வியாபாரிகளைச் சில வருடங்களுக்கு முன் குன்னத்தூர் சத்திரம் என்ற மாடிக் கடை வளாகத்துக்கு மாற்றிவிட்டார்கள். இப்படி இடம் மாறிய கடைகளின் பழைய புள்ளி எங்காவது அப்படியே இருந்தால் அழித்துவிட்டுப் புதிதாக வைக்கலாமா?

புள்ளிக்கோலம்:

அழிக்க வேண்டாம். அதே கடை, அதே பெயர், இடம் மட்டும் மாறியிருக்கிறது என்று நேரில் உறுதி செய்தால் அந்தப் புள்ளியையே நகர்த்தி வையுங்கள், அதன் வரலாறு கூடவே போகும். எந்த மாடி என்பதை லெவல் குறியில் எழுதுங்கள், அடுக்குக் கட்டிடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகப் புள்ளிகள் கிடந்தால் அது இல்லாமல் ஒன்றும் விளங்காது. கடை மூடிவிட்டது, இடம் பூட்டிக் கிடக்கிறது என்றால் ஷாப் என்ற குறிக்கு முன்னால் டிஸ்யூஸ்டு என்று சேர்த்துவிடுங்கள். அந்த இடத்தில் நாளை வேறு கடை வரும்போது அடுத்தவர் மாற்றிக்கொள்வார்.

அரைப்புள்ளி வேண்டாம் என்பேன். ஷாப் மாதிரி முதன்மைக் குறியில் இரண்டு மதிப்பைச் சேர்த்து எழுதினால் பல செயலிகள் இரண்டையுமே காட்டாது. எது பெரிய வியாபாரமோ அதைப் போடுங்கள், மற்றதை விவரத்தில் எழுதுங்கள். உள்ளேயே தனிக் கவுண்டர், தனிப் பெயர்ப்பலகை என்று இருந்தால் இரண்டு புள்ளி வைக்கலாம்.

எழுத்தாணி:

இவ்வளவு பேசியும் ஒரு விஷயம் வரவில்லை. ஹெர்பலிஸ்ட், ஹவுஸ்வேர், பான்புரோக்கர் மாதிரி வகைப் பெயர்கள் எல்லாம் ஆங்கிலம் தெரிந்த, விக்கியைத் தேடிப் படிக்கிற நமக்குக் கிடைத்தது. வெண்கலக்கடைத் தெருவில் ஒரு கல்லூரி மாணவி எவ்ரி டோரைத் திறந்து பாத்திரக்கடை என்று தேடினால் வகை வர வேண்டும். வராவிட்டால் அவர் யெஸ் என்று போட்டுவிட்டுப் போவார், அவரைக் குறை சொல்ல முடியாது. ஷாப்=யெஸ் குவிவதற்கு சோம்பலைக் காரணமாகச் சொல்பவர்கள் உண்டு, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், தேடும் சொல்லுக்கு வகை அகப்படாததுதான் பெரிய காரணம்.

உலாவியில் ஓடும் ஐடி எடிட்டரில் நாம் பார்க்கும் வகைப் பட்டியலைத்தான் ஸ்ட்ரீட்கம்ப்ளீட், எவ்ரி டோர் இரண்டும் எடுத்துப் பயன்படுத்துகின்றன. அதன் மொழிபெயர்ப்பு டிரான்ஸிஃபெக்ஸ் தளத்தில் நடக்கிறது, கணக்குத் தொடங்கித் தமிழ்க் குழுவில் யாரும் சேரலாம். வகையின் பெயருக்கு ஒரு சொல் கொடுப்பதோடு, தேடினால் கிடைக்க வேண்டிய மற்ற சொற்களையும் வரிசையாக எழுதிவைக்க இடம் இருக்கிறது. கன்வீனியன்ஸுக்கு மளிகை, பலசரக்கு என்று எல்லாவற்றையும் எழுதலாம். ஹவுஸ்வேருக்கு பாத்திரக்கடை, எவர்சில்வர் கடை. காப்பிஷாப்புக்கு ஜெராக்ஸ், போட்டோ கொப்பி. ஹெர்பலிஸ்டுக்கு நாட்டு மருந்து. ரிலிஜன் என்ற வகைக்குப் பூஜைச் சாமான். மதுரைச் சொல்லும் யாழ்ப்பாணச் சொல்லும் ஒரே வகைக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம், சண்டை இல்லை. சேர்த்த சொற்கள் அடுத்த வெளியீட்டோடு எல்லாச் செயலிகளுக்கும் மெதுவாக வந்துசேரும்.

மாசி வீதியில் நீங்கள் நடக்கும்போது ஒவ்வொரு கடையையும் அங்கே உள்ளவர்கள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று குறித்துவந்தால் நான் உட்கார்ந்து ஏற்றித் தருகிறேன். என்னால் வெயிலில் அலைய முடியாது, இதைச் செய்ய முடியும்.

பனைவெளி (யாழ்ப்பாணம்):

நல்ல யோசினை. எங்கடை பக்கத்துச் சொற்களை நான் தொகுத்துத் தாறன். கொம்யூனிக்கேஷனை எந்த வகைக்குக் கீழே எழுதுறது எண்டுதான் யோசிக்க வேணும், காப்பிஷாப்பிலும் மொபைல் போனிலும் இரண்டிலும் எழுதலாம் தானே? தேடுகிற ஆளுக்கு இரண்டும் வந்தால் பார்த்துத் தெரிவு செய்வார்.

எழுத்தாணி:

தாராளமாக இரண்டிலும் எழுதலாம், ஒரு தேடுசொல் பல வகைகளில் இருக்கத் தடையில்லை.

வைகைக்கரை:

சரி, இப்படிச் செய்கிறோம். முதலில் கெமிஸ்ட் என்று இருப்பவற்றையும் பெயரில் மெடிக்கல் உள்ள யெஸ்களையும் நடந்து பார்த்து முடிக்கிறோம், திறக்கும் நேரத்தோடு. பிறகு கீழமாசி வீதி மளிகை, அதற்குப் பின் தெற்கு ஆவணி மூல வீதி. டீக்கடைக்குக் கஃபே, இருக்கை உண்டா இல்லையா என்பது கட்டாயம். பேன்சி ஸ்டோரைக் கடைசியில் வைத்துக்கொள்கிறோம், உள்ளே போய்ப் பார்க்க நேரம் பிடிக்கும். ஒவ்வொரு சேஞ்ச்செட்டிலும் (ஒரு தடவையில் ஏற்றும் திருத்தத் தொகுப்பு) எந்த வீதி, நேரில் பார்த்தது என்று கருத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன். எழுத்தாணி, சொற்களை ஒரு பொதுத் தாளில் எழுதி இணைப்பை உங்களுக்கும் பனைவெளிக்கும் அனுப்புகிறேன். ரேஷன் கடை பற்றி இந்தியக் குழுவில் கேள்வி போட்டுவிட்டு, அங்கே என்ன பதில் வருகிறதோ அதை இங்கே வந்து எழுதுகிறேன். குன்னத்தூர் சத்திரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போகிறோம், மதுரையில் இருப்பவர்கள் யாராவது கூட வர முடிந்தால் சொல்லுங்கள், மாடிக்கு ஒருவர் இருந்தால் நல்லது.